ஏழு ஆட்டம் பாக்கி, வயிற்றில் புளி: கால்பந்து ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

லீக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளின் தொனியே மாறிவிடும். ஆகஸ்டில் "புது ஸ்ட்ரைக்கர் எப்படி?" என்று கேட்டவர்கள் ஏப்ரலில் "தூக்கம் வரவில்லை, என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் ஆர்சனல் ரசிகன். நான் நடுநிலையானவன் என்று யாரும் நம்பி ஏமாற வேண்டாம்.

கே: அண்ணா, எங்கள் அணி 5 புள்ளி முன்னால் இருக்கிறது. 7 ஆட்டம் பாக்கி. பட்டம் உறுதிதானே?

கணக்கைப் பார்ப்போம். பின்னால் வரும் அணி ஏழையும் ஜெயித்தால் 21 புள்ளி. அதையும் தாண்டி நிற்க உங்களுக்கு 17 புள்ளி வேண்டும், அதாவது ஐந்து வெற்றி, இரண்டு டிரா. அவர்கள் விடும் ஒவ்வொரு புள்ளியும் இந்த 17-இல் ஒன்றைக் குறைக்கும். இப்படிப் பார்த்தால் ஓரளவு தெம்பாகத்தான் இருக்கும்.

ஆனால் 5 புள்ளி என்பது என்ன? ஒரு தோல்வி, ஒரு டிரா. அவ்வளவுதான், ஒரே வாரத்தில் கரைந்துவிடும். 2012-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 8 புள்ளி முன்னிலை இருந்தது, மிச்சம் 6 ஆட்டம். விகனிடம் தோற்றார்கள். எவர்ட்டனுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 4-2 என்று இருந்த ஆட்டம் 4-4 ஆனது. பிறகு பின்னாலேயே துரத்தி வந்த மான்செஸ்டர் சிட்டியிடமே 1-0 என்று தோல்வி. முன்னிலை முழுக்கப் போயிற்று. 1996 ஜனவரியில் நியூகாசிலுக்கு 12 புள்ளி முன்னிலை. மே மாதம் பார்த்தால் 4 புள்ளி பின்னால். உறுதி என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தம்பி.

கே: எதிரி அணிக்குக் கையில் ஒரு ஆட்டம் அதிகம் இருக்கிறது. அதை அவர்கள் ஜெயித்ததாகவே எடுத்துக்கொள்ளலாமா?

கையில் புள்ளி இருப்பதுதான் நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பாக்கி ஆட்டத்தை விளையாடித்தான் ஜெயிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் வாரத்தின் நடுவில், களைத்த கால்களோடு. ஆனால் எதிரே இருப்பது ஏப்ரல் மாத மான்செஸ்டர் சிட்டி என்றால் ஜெயித்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 26 இரவு ஆர்சனல் 2 புள்ளி முன்னால்தான் இருந்தது, ஆனால் சிட்டிக்கு இரண்டு ஆட்டம் பாக்கி. அட்டவணையில் நாங்கள் முதலிடம். அந்த முதலிடத்தை நம்பிய ஆர்சனல் ரசிகர் ஒருவரைக்கூட அன்று நான் சந்திக்கவில்லை.

கே: புள்ளி சமமாக வந்தால் யாருக்குப் பட்டம்?

லீக்கைப் பொறுத்தது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் முதலில் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது. ஸ்பெயினில் இரு அணிகளும் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களின் கணக்குதான் முதலில். இத்தாலியில் 2022-23 முதல், பட்டத்துக்குச் சமம் என்றால் தனியாக ஓர் ஆட்டம் வைக்க வேண்டும் என்று விதி.

அதனால் 3-0 என்று இருக்கும்போது நம் ஆட்கள் நடக்க ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2012-இல் சிட்டியும் யுனைடெட்டும் ஆளுக்கு 89 புள்ளி. சிட்டியின் கோல் வித்தியாசம் 64, யுனைடெட்டுக்கு 56. அதே சீசனில், 2011 அக்டோபரில், யுனைடெட் மைதானத்திலேயே சிட்டி 6-1 என்று அடித்ததில் கடைசி மூன்று கோல்கள் வந்தது ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில். அன்று பலருக்கு அது வெறும் அவமானப்படுத்தலாகத் தெரிந்தது. மே மாதம்தான் தெரிந்தது அது சேமிப்பு என்று.

கே: நடுவர்களும் வீஏஆரும் சேர்ந்து எங்கள் பட்டத்தைத் திருடிவிட்டார்கள். உங்கள் கருத்து?

இந்த வாரம் அதிகம் பேர் கேட்டது இதுதான். எல்லா அணி ரசிகர்களும் கேட்டார்கள். எல்லாரிடமும் திருடியிருந்தால் திருடியது எல்லாம் எங்கே போயிற்று என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடுவர் தவறுகளே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கின்றன. பிரீமியர் லீக்கில் 2019-இல் வீஏஆர், அதாவது வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் நடுவர் முறை, வந்த பிறகும் இருக்கின்றன. முன்பு ஒரே நொடியில் தவறு செய்தார்கள், இப்போது நான்கு நிமிடம் யோசித்துத் தவறு செய்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், அதில் மூன்று பத்தி. புள்ளி போன ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடுத்த நாள் காலையில் ஒரு கோடு போடுவேன்: நாமே விட்டது, அதிர்ஷ்டம் விட்டது, நடுவர் விட்டது. ஆட்டம் முடிந்த கையோடு போட மாட்டேன். அந்த நேரத்தில் மூன்றாவது பத்திதான் நிரம்பும்.

2023 ஏப்ரல் பக்கத்தைத் திறக்கிறேன். மாதத் தொடக்கத்தில் ஆர்சனல் 8 புள்ளி முன்னால், சிட்டிக்கு ஓர் ஆட்டம் பாக்கி. லிவர்பூலில் 2-0 என்று முன்னால் போய் 2-2. வெஸ்ட் ஹாமில் 2-0 என்று முன்னால் போய், 2-1 என்று இருக்கும்போது எங்கள் சாகா பெனால்டியை வெளியே அடித்து, 2-2. அடுத்து கடைசி இடத்தில் கிடந்த சவுதாம்ப்டன், அதுவும் எங்கள் மைதானத்தில். முதல் நிமிடத்திலேயே எங்கள் கோல்கீப்பர் பந்தை நேராக எதிரணிக்காரர் காலில் கொடுத்தார். கடைசியில் 3-3. மூன்று டிராவில் போனது 6 புள்ளி. சீசன் முடிவில் சிட்டிக்கும் எங்களுக்கும் இருந்த இடைவெளி 5. மூன்று கோடும் முதல் பத்தியில்தான் இருக்கின்றன. எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் அழிக்கவில்லை.

நடுப் பத்திக்கு உதாரணம் வேண்டுமா? 2019 ஜனவரி 3, சிட்டிக்கும் லிவர்பூலுக்கும் ஆட்டம், ஸ்கோர் 0-0. லிவர்பூலின் மானே அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது, சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் அதை வெளியே அடிக்கப் போக, அது சொந்தக் கோல்கீப்பர் மேலே பட்டு மறுபடி கோலை நோக்கிப் போகிறது. பின்னாலேயே ஓடிய ஸ்டோன்ஸ் காலை வளைத்து வெளியே எடுத்துவிட்டார். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்ட இன்னும் ஒரு விரல் அகலம்தான் பாக்கி என்று கோல்கோட்டுக் கருவி காட்டியது. சிட்டி அந்த ஆட்டத்தை 2-1 என்று ஜெயித்தது. மே மாதம் சிட்டி 98, லிவர்பூல் 97. அந்த சீசன் முழுக்க லீக்கில் லிவர்பூல் தோற்றது இந்த ஓர் ஆட்டத்தில்தான். கருவி சரியாகத்தான் சொன்னது. யாரைத் திட்டுவது?

கே: பெரிய அணிகளை எல்லாம் அடித்துவிட்டோம். அப்புறம் ஏன் இரண்டாவது இடத்திலேயே இருக்கிறோம்?

பெரிய அணியை அடித்தாலும் 3 புள்ளிதான், கடைசி இடத்து அணியை அடித்தாலும் 3 புள்ளிதான். 2016-இல் லெஸ்டர் 81 புள்ளியோடு சாம்பியன் ஆனது. சீசன் தொடக்கத்தில் சூதாட்டக்காரர்கள் 5000-க்கு 1 என்று விலை போட்ட அணி. அவர்கள் மொத்தம் தோற்றது மூன்று ஆட்டம், அதில் இரண்டு எங்களிடம். ஒன்று 5-2. இரண்டு முறையும் நாங்கள் குதித்தோம். நாங்கள் முடித்தது 10 புள்ளி பின்னால்.

கே: எங்கள் எக்ஸ்ஜி (வாய்ப்புகளை வைத்து எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு) எப்போதும் அதிகம், ஆனால் டிரா ஆகிறது. இது அதிர்ஷ்டமா?

ஒரு மாதம் என்றால் அதிர்ஷ்டம். ஒரு சீசன் முழுக்க என்றால் உங்கள் ஸ்ட்ரைக்கர்.

கே: பயிற்சியாளரை இப்போதே மாற்றினால் பட்டம் கிடைக்குமா?

ஏழு ஆட்டம் பாக்கி இருக்கும்போதா? வேண்டாம்.

கே: எங்கள் பரம எதிரி அணி ஜெயித்தால்தான் எங்களுக்குப் பட்டம். அவர்களுக்காகக் கை தட்டலாமா? பாவம் இல்லையா?

தட்டலாம், ஆனால் அவர்களிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள். 2024 மே 14-ஆம் தேதி எனக்கு நேர்ந்தது இது. சிட்டி டாட்டன்ஹாமில் ஆடுகிறது. டாட்டன்ஹாம் டிரா செய்தாலே போதும், கடைசி நாளில் பட்டம் எங்கள் கையில். பிறந்ததிலிருந்து டாட்டன்ஹாமைத் திட்டி வளர்ந்தவன் அன்று டிவி முன்னால் உட்கார்ந்து "போடா, போடா" என்று அவர்களை உசுப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். மைதானத்திலோ அவர்களுடைய ரசிகர்களில் பலருக்குச் சொந்த அணி தோற்பதே சந்தோஷம், ஆர்சனலுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அவர்களுடைய பயிற்சியாளர் போஸ்டெகோக்லு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அப்புறம் 86-ஆவது நிமிடம். சிட்டி 1-0. டாட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின் தனியாகப் பந்தோடு ஓடுகிறார், எதிரே கோல்கீப்பர் மட்டும். அதுவும் முதல் கோல்கீப்பர் எடர்சன் அடிபட்டு வெளியேறி, மாற்றாக வந்த ஒர்டேகா. நான் எழுந்து நின்றுவிட்டேன். சன் இப்படிப்பட்ட பந்தை விடுகிற ஆள் இல்லை. ஒர்டேகா காலை நீட்டினார், பந்து பட்டு விலகியது. கூடுதல் நேரத்தில் சிட்டியின் ஹாலண்ட் பெனால்டி அடித்து 2-0. நான் நின்றபடியே இருந்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு எனக்கு இனி வேறு படம் வேண்டாம்.

கே: ஜெயித்த நாளில் போட்டிருந்த அதே ஜெர்சியைத் துவைக்காமல் போடுகிறேன். தவறா?

ஜெர்சி தவறில்லை. பக்கத்தில் உட்காருபவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அண்ணா, என் வீட்டுக்காரர் அணி தோற்றால் இரண்டு நாள் யாரிடமும் பேசுவதில்லை. குழந்தைகள் பயப்படுகிறார்கள். இதற்கு என்ன மருந்து?

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. நானும் அந்த ரகம்தான், இப்போது பாதி திருந்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் "விளையாட்டுதானே, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எரியும் நெருப்பில் எண்ணெய். ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள். அதற்கு மேல் போனால், "பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" என்று நேராகக் கேளுங்கள், அவரிடம் பதில் இருக்காது. எனக்கு உதவியது ஒன்று: தோற்ற இரவில் மறு ஒளிபரப்பும் அலசல் நிகழ்ச்சியும் பார்ப்பதில்லை. பார்த்தால் அதே கோல் எட்டு முறை விழும்.

கே: மூன்று ஆட்டம் இருக்கும்போதே எங்கள் நண்பர்கள் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். கண் பட்டுவிடுமா?

கண்ணை விடுங்கள், ஷால்கே ரசிகர்களை நினைத்துப் பாருங்கள். 2001 மே 19, ஜெர்மன் லீக்கின் கடைசி நாள். ஷால்கே தன் ஆட்டத்தை 5-3 என்று ஜெயித்துவிட்டது. பயர்ன் ஹாம்பர்க்கில் ஆடுகிறது, டிரா செய்தாலே சாம்பியன். 90-ஆவது நிமிடத்தில் ஹாம்பர்க் கோல் அடித்தது! ஷால்கே மைதானத்துக்குள் கூட்டம் இறங்கிவிட்டது, வாணவேடிக்கை, அழுகை, கட்டிப்பிடிப்பு. அங்கே ஹாம்பர்க்கில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. சக வீரர் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுத்ததால் பயர்னுக்கு மறைமுக ஃப்ரீகிக், பெட்டிக்குள்ளேயே. ஆண்டர்சன் அடித்த பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. சுமார் நான்கு நிமிடம் சாம்பியனாக இருந்தது ஷால்கே. அந்தக் கோல்கீப்பர் ஷோபர் ஷால்கேயில் வளர்ந்தவர் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

உங்கள் நண்பர்களை மூன்று வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கே: இரண்டாவது இடத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

அன்று இரவு கிடையாது. 97 புள்ளி எடுத்தும் பட்டமில்லை என்றபோது லிவர்பூல் ரசிகர்களிடம் பெருமையைப் பற்றிப் பேசியிருந்தால் அடித்திருப்பார்கள். அடுத்த சீசனில் அதே அணி 99 புள்ளியோடு ஜெயித்தது, 30 வருடக் காத்திருப்புக்குப் பிறகு. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 2014-இல் லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு சறுக்கி விழுந்து செல்சியிடம் தோற்றார்களே, ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது கண் முன்னால் நடந்த நாள், அவர் அதற்குப் பிறகு லீக் பட்டம் எதுவும் லிவர்பூலில் பெறாமலேயே கிளம்பினார்.

கே: கடைசி நாள் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். எதைப் பார்ப்பது, சார்?

சொந்த அணியை. மற்றதைப் போன் சொல்லும். 2024 மே 19 அன்று நான் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். சிட்டி 2-0 என்று 18-ஆவது நிமிடத்திலேயே முன்னால் போயிருந்ததால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். 42-ஆவது நிமிடத்தில் போன் அதிர்ந்தது. வெஸ்ட் ஹாமின் குடுஸ் முதுகைக் காட்டி அந்தரத்தில் உதைத்து ஒரு கோல், 2-1. இன்னும் ஒரு கோல் வந்தால் அங்கே டிரா. நாங்கள் ஜெயித்தால் பட்டம். இடைவேளை முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். 59-ஆவது நிமிடத்தில் மறுபடி அதிர்ந்தது. திருப்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மகன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சிட்டி 3-1. ரோட்ரி" என்றான்.