தார்ன்டன் வைல்டருக்குக் குடும்பம் இல்லையா?

கேள்வி: "‘அவர் டவுன்’ (Our Town) நாடகத்தில் குடும்ப வாழ்க்கையை அவ்வளவு உருக்கமாக எழுதிய அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வைல்டர், திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தாராமே? அவருக்குக் குடும்பமே இல்லையா?"

கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ‘தனியாகவே’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். திருமணம் ஆகவில்லை என்பது உண்மை. குடும்பம் இல்லை என்பது பொய்.

1897இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பிறந்தவர் வைல்டர். இரட்டையராகப் பிறந்தவர்; கூடப் பிறந்த ஆண் குழந்தை பிழைக்கவில்லை. ‘தி பிரிட்ஜ் ஆஃப் சான் லூயிஸ் ரே’ நாவலில் இரட்டையரில் ஒருவன் இறந்த பின் மற்றவன் படும் பாட்டைப் படித்தால் இந்தச் செய்தி தானாக நினைவுக்கு வரும். அப்பா ஆமோஸ் பத்திரிகை ஆசிரியராக இருந்து, 1906இல் ஹாங்காங்கிலும் பிறகு ஷாங்காயிலும் அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவரானவர். மதுவைத் தொடாதவர், கண்டிப்பானவர், கடல் கடந்தும் கடிதத்தாலேயே பிள்ளைகளை வளர்த்தவர். அம்மா இசபெல்லா. பிழைத்த பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர் ஆமோஸ் இறையியல் பேராசிரியரும் கவிஞரும். 1922இல் விம்பிள்டனிலும் ஆடியிருக்கிறார். கடைக்குட்டி ஜேனட் விலங்கியல் படித்தவர். தார்ன்டனுக்கு அடுத்தவர் சார்லட், நல்ல கவிஞர். இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்த நிலையில் 1941இல் மனநலம் குலைந்து, மீதி வாழ்வின் பெரும்பகுதியை மருத்துவ இல்லங்களில் கழித்தார். தார்ன்டனின் வருமானம் அதற்கும் போனது.

நான் இந்தப் பதிலை எழுதுவது நான்காவதாகப் பிறந்த இசபெலுக்காக. 1930களில் மூன்று நாவல்கள் வெளியிட்டவர். பிறகு எழுதியது பெரும்பாலும் அண்ணனுக்கு வந்த கடிதங்களுக்குப் பதில்தான். ‘சான் லூயிஸ் ரே’ நாவல் ஈட்டிய பணத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹாம்டனில் தார்ன்டன் ஒரு வீடு கட்டினார். பெற்றோரும் இசபெலும் இருந்த வீடு அது. அவரோ ஐரோப்பா, அரிசோனா என்று பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். நாடகக்காரர்கள், பதிப்பகத்தார், கையெழுத்து கேட்பவர்கள் எல்லாரையும் வாசலில் சந்தித்தது தங்கை.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். என் அண்ணனும் எழுத்தாளர். பெயர் வேண்டாம், வைல்டரோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கிளம்பவும் வேண்டாம். அவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. நானும் அப்படியே நின்றுவிட்டேன். அவர் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அச்சகத்தில் யாருக்கும் புரியாது. படியெடுப்பது, மெய்ப்பு பார்ப்பது, ராயல்டி கேட்டு நினைவூட்டுக் கடிதம் போடுவது, வருமான வரிக் கணக்கு, ‘ஐயா இருக்கிறாரா’ என்று வரும் இளைஞர்களுக்குக் காபி, எல்லாம் நான்.

அவருக்கு ஒரு விருது அறிவித்தபோது ஒரு பத்திரிகையிலிருந்து நிருபரும் புகைப்படக்காரரும் வந்தார்கள். காலையில் வந்தவர்கள் மதியம் வரை இருந்தார்கள். அடையும் அவியலும் போட்டேன். நிருபர் இரண்டாவது முறை அவியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணனுக்கு ஆண்டுகள் நினைவிருக்காது. எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்று என் நோட்டைப் பார்த்து நான்தான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் கட்டுரை வந்தது. "இந்த வீட்டில் அவருக்குத் துணை புத்தகங்கள் மட்டுமே." பக்கத்திலேயே அண்ணன் அலமாரி முன் அமர்ந்திருக்கும் படம். இடது ஓரத்தில் டபரா நீட்டும் ஒரு கை மட்டும், மணிக்கட்டு வரை. வளையலைப் பார்த்தால் தெரியும் யாருடைய கை என்று.

அண்ணன் கட்டுரையைப் படித்துவிட்டு, "எழுதுகிறவன் எழுதிவிட்டுப் போகிறான், விடும்மா" என்றார். விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் புகைப்படக்காரர் ‘ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறேன்’ என்று வாங்கிப்போன எங்கள் அப்பாவின் படம் இன்றுவரை வரவில்லை. வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான். கேட்டபோது கூரியரில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். கூரியர்காரர்களைப் பற்றி என்ன சொல்வது? மாடி ஏற முடியாது என்று கீழே மின்மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போவார்கள், கையெழுத்தையும் அவர்களே போட்டுக்கொள்வார்கள். ஒரு மழைக்காலத்தில் முழு நாவலின் மெய்ப்பு இப்படி நனைந்து அப்பளமாகிவிட்டது. பதிவுத் தபால் இருந்த காலத்தில் தபால்காரர் படியேறி வந்து, ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவார்.

சரி, வைல்டருக்கு வருகிறேன். ‘இசபெல் அண்ணன் பணத்தில் சௌகரியமாகத்தானே வாழ்ந்தார், அவரை யார் தடுத்தார்கள்’ என்று கருத்துப் பகுதியில் ஒருவர் நிச்சயம் கேட்பார். யாரும் தடுக்கவில்லை ஐயா. அவர் தியாகி என்று நான் சொல்லவே இல்லை. அண்ணனும் கொடுமைக்காரர் அல்லர், தங்கைகளை நேசித்தவர்தான். நாவலுக்கும் நாடகத்துக்கும் சேர்த்து அமெரிக்காவின் பெரிய இலக்கியப் பரிசான புலிட்சரை மூன்று முறை வாங்கியவரின் வீட்டில் வேலை என்பது முழுநேர வேலை, அதைச் செய்த ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. என் வாதம் அவ்வளவே.

கிரேக்கப் புராணத்தில் கணவனுக்குப் பதிலாகச் சாகத் துணிந்த அல்கெஸ்டிஸின் கதையை வைல்டர் நாடகமாக்கியிருக்கிறார். 1955இல் எடின்பரோவில் வேறு தலைப்பில் மேடையேறியது. அமெரிக்காவில் ‘தி அல்கெஸ்டியாட்’ என்று நூலாக வந்தது 1977இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. முன்னுரை இசபெல் வைல்டர். கட்டுரைக்கு உருப்படியான சான்று வேண்டுமென்றால் அங்கே தொடங்குங்கள்.

இதை எழுதியதற்காக என்னை அண்ணனிடம் போட்டுக்கொடுக்க நினைப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். அவருக்கு வரும் மின்னஞ்சலையும் நான்தான் திறக்கிறேன்.