தம்பி வெளியே வருவதற்கு முன்பே ஊரை உள்ளே கூட்டிப்போங்கள்

கேள்வி: என் தம்பி விடுதலையாக இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது. குடும்பத்தாரையும் ஊர்க்காரர்களையும் சிறைக்கே வரவழைத்துப் பேச வைக்கும் மறுவாழ்வுத் திட்டத்தில் அவனைச் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை நானும் அம்மாவும்தான் மனு போட்டு அவனைச் சிறையில் பார்க்கப் போகிறோம். வேறு யாரையும் அழைக்கக் கூச்சமாக இருக்கிறது. இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: உண்டு. கூச்சத்தை ஒதுக்கிவிட்டு இன்னும் இரண்டு மூன்று பேரையாவது கூட்டிப்போங்கள்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி குற்றம் செய்து தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைந்திருந்தது. விடுதலை நெருங்கும் மாதங்களில் வந்து பார்த்ததும், வெவ்வேறு ஆட்கள் வந்ததும் கூடுதலாகக் கைகொடுத்தன. கூடப்பிறந்தவர்கள், அப்பா, திருமண வழி உறவினர், சமயப் பெரியவர்கள் ஆகியோரின் வருகைக்குப் பலன் அதிகம். விவாகரத்தான துணை வந்தபோது நிலைமை மோசமானதும் அதில் தெரிந்தது. அதனால் வருகிறேன் என்கிற எல்லோரையும் அழைத்துப் போய்விடாதீர்கள். வேலை கொடுக்கக்கூடியவர் ஒருவர், யார் சொன்னால் அவன் தட்டாமல் கேட்பானோ அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர், மாலை நேரங்களில் கூட இருக்கக்கூடிய ஒருவர் போதும். பழைய கூட்டாளிகள் வேண்டாம்.

ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்ற பயம்தான் உங்கள் கூச்சத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஊர் முழுக்க ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994இல், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை முடித்து வந்த ஒருவரை அக்கம்பக்கமே எதிர்த்தபோது, ஒரு சிறிய தேவாலயத்தைச் சேர்ந்த சிலர் அவரைச் சுற்றி நின்றார்கள். உதவினார்கள், தவறும்போது கேள்வியும் கேட்டார்கள். நாலைந்து தன்னார்வலர்கள் வட்டமாகச் சேர்ந்து ஒருவருக்குத் துணைநிற்கும் முறை அங்கிருந்துதான் பல நாடுகளுக்குப் பரவியது.

சரி, உள்ளே போய் என்ன பேசுவது? பெரும்பாலான வீடுகளில் 'உடம்பு எப்படி இருக்கு, கவலைப்படாதே' என்பதிலேயே நேரம் முடிந்துவிடும். இனி நாள், ஆள், இடம் என்று பேசுங்கள். முதல் ராத்திரி எங்கே படுப்பான்? திங்கட்கிழமை காலையில் யாருடன் வேலைக்குக் கிளம்புவான்? பழைய கடன்காரர் வாசலில் வந்து நின்றால் யார் பேசுவது? பழைய நண்பன் போன் செய்தால் என்ன சொல்வான்? கடைசிக் கேள்விக்கான பதிலை அவன் வாயாலேயே சொல்லவையுங்கள். அங்கே தடுமாறினால், அடுத்த தடவையும் அதையே பேசுங்கள்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 107ஆவது விதி, தண்டனையின் முதல் நாளிலிருந்தே விடுதலைக்குப் பிந்தைய வாழ்வை யோசிக்கச் சொல்கிறது. அடுத்த விதி அடையாள ஆவணம், வீடு, வேலை, உடை எல்லாவற்றையும் குறிப்பிடுகிறது. ஆவணம் காலாவதியாகிவிட்டதா என்று சிறையின் நல அலுவலரிடம் இப்போதே கேளுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கும் வேலையும் தள்ளிப்போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் நீங்களாகச் சமாதானம் பேசப் போகாதீர்கள். அவர்கள் மனமுவந்து சம்மதித்து, பயிற்சி பெற்ற நடுவர் ஏற்பாடு செய்தால்தான் அந்தச் சந்திப்பு நடக்க வேண்டும். விடுதலை நிபந்தனையே அவர்களைச் சந்திக்கத் தடை விதித்திருக்கலாம். நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பார்வையாளர் பட்டியலில் புதுப் பெயர் சேர்க்கப் பல சிறைகளில் வாரக்கணக்கில் ஆகும். யாரை அழைப்பது என்று இந்த வாரமே தம்பியிடம் கேட்டு, அந்தப் பெயர்களைக் கொடுத்துவிடுங்கள்.