கார் சாவி தொலைந்தால், உடைந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது 2016 மாடல் ஸ்விஃப்ட். இரண்டு சாவிகளில் ஒன்று பேருந்து நிலையத்தில் எங்கோ விழுந்துவிட்டது. சாவிக் கடைக்காரர் அரை மணி நேரத்தில் போட்டுத் தருகிறேன் என்கிறார். சர்வீஸ் சென்டரிலோ காரையும் பேப்பர்களையும் கொண்டுவரச் சொல்கிறார்கள், விலையும் அதிகம். எதை நம்புவது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இருவரும் ஏமாற்றவில்லை. அவர்கள் செய்யும் வேலையே வேறு வேறு.

சாவி பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. கதவையும் இக்னிஷனையும் திருப்பும் உலோகத் தகடு, பொத்தானை அமுக்கினால் கதவைப் பூட்டும் ரிமோட், இவை போக தலைப்பகுதியில் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய சிப். இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் அந்தச் சுருள்தான் சிப்புக்கு மின்சாரம் ஊட்டி, அதன் எண்ணைக் கேட்கிறது. எண் பொருந்தினால்தான் இன்ஜின் ஓடும். மாருதி இதை ஐகேட்ஸ் என்கிறது, பொதுப்பெயர் இம்மொபிலைசர். சிப்புக்குத் தனி பேட்டரி கிடையாது. சாவிக்குள் இருக்கும் பேட்டரி ரிமோட்டுக்கு மட்டும்தான்.

சாவிக் கடையில் பெரும்பாலும் செய்வது நகல். உங்களிடம் மிச்சமிருக்கும் சாவியின் சிப்பைக் கருவியில் படித்து, அதே எண்ணை ஒரு வெற்று சிப்பில் எழுதுவார்கள். கார் இரண்டையும் ஒரே சாவியாகத்தான் நினைக்கும். வேலை சீக்கிரம் முடியும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் தொலைந்துபோன சாவியின் எண் கார் கம்ப்யூட்டரில் அப்படியே உயிரோடு இருக்கும். அதைக் கண்டெடுத்தவர் கையில் உங்கள் கார் ஓடும்.

சர்வீஸ் சென்டரில் செய்வது பதிவு. புதிய சாவியின் எண்ணைக் கார் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து, பழைய பதிவுகளை அழிப்பார்கள். பல மாடல்களில் அந்த நேரத்தில் காரில் காட்டப்படாத எல்லாச் சாவிகளும் செத்துவிடும். அதனால் வீட்டில் இருக்கும் அத்தனை சாவிகளையும் எடுத்துப் போங்கள். ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போய், மறுநாள் அது வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். நல்ல கருவி வைத்திருக்கும் வெளிக் கடைக்காரர்களும் பதிவு செய்வார்கள். "நகலா, பதிவா? தொலைந்ததை அழித்துத் தருவீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கள் கருத்து: வெளியூரில், உங்கள் பெயரோ வண்டி எண்ணோ ஒட்டியிராத சாவி தொலைந்திருந்தால் நகல் போதும். வீட்டுப் பக்கத்திலோ, அலுவலக பார்க்கிங்கிலோ, ஆர்.சி. இருந்த பையோடு சேர்த்தோ தொலைந்திருந்தால், செலவைப் பார்க்காமல் பழையதை அழியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். சிப்பின் பதிவை அழித்தாலும் அந்த உலோகத் தகடு கதவைத் திறக்கும். பையோடு போயிருந்தால் பூட்டு செட்டையே மாற்றுவது, அல்லது பூட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகளை வரிசை மாற்றி அடுக்கச் சொல்வது நல்லது.

எங்கே செய்தாலும் ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை மூன்றும் வேண்டும். இவை எதையும் கேட்காமல் சாவி போட்டுத் தருபவர் நாளை உங்கள் காருக்கு வேறொருவருக்கும் போட்டுத் தருவார். அவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கியபோது ஒரே சாவிதான் கொடுத்தார்கள். அதுவும் இப்போது தொலைந்துவிட்டது. கார் வீட்டு வாசலில் பூட்டியபடி நிற்கிறது. என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவது போடுவது சின்ன வேலை. எல்லாமே போய்விட்டால் நேரமும் பணமும் பல மடங்கு ஆகும். காரணம், வெட்டுவதற்கு மாதிரி இல்லை, படிப்பதற்குச் சிப்பும் இல்லை.

முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எண், சேஸிஸ் நம்பர், தொலைந்த இடம், நாள் எல்லாம் அதில் இருக்கட்டும். சர்வீஸ் சென்டரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைக் கேட்கக்கூடும். நாளை அந்தக் காரைக் கொண்டு யாராவது எதையாவது செய்தாலும் உங்களுக்கு அது ஆதாரம்.

அடுத்து, வண்டி விற்றவரிடம் பேசி சாவி நம்பர் கேளுங்கள். புது வண்டியோடு பல கம்பெனிகள் ஒரு சின்ன உலோகத் தகடோ, சாவி வளையத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையோ கொடுப்பார்கள். அதில் இருக்கும் எண்ணைக் கொண்டு, பழைய சாவியே இல்லாமல் புதுச் சாவியை அளவு மாறாமல் வெட்டலாம். எண் இல்லையென்றால் சேஸிஸ் நம்பரைக் கொண்டு சர்வீஸ் சென்டர் கம்பெனியிடம் கேட்டு வாங்கும். அந்த 17 இலக்கம் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் இங்கேதான் வேலை நின்றுபோகும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், அல்லது அவரையே நேரில் கூட்டிப் போங்கள்.

சாவி வந்தாலும் கார் பக்கத்தில் இல்லாமல் சிப்பைப் பதிவு செய்ய முடியாது. வண்டியை முழுதாக மேலே ஏற்றும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்டீயரிங் பூட்டியிருக்கும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பி-யில் இருக்கும். கயிறு கட்டி இழுத்தால் சேதம்தான். இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் டோயிங் அதிலேயே அடங்கலாம்.

வீட்டுக்கே வந்து செய்யும் சாவிக்காரரும் உண்டு. அனுபவசாலி என்றால் கதவுப் பூட்டில் வெற்றுச் சாவியை நுழைத்துத் திருப்பி, விழும் தடங்களைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவியே தகட்டை உருவாக்கிவிடுவார். அருமையான கைத்தொழில் அது. சிப் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, கார் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்க உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகிப் பதிவு செய்தால் பயமில்லை. இன்ஜின் கம்ப்யூட்டரையோ மீட்டரையோ கழற்றி உள்ளே சால்டரிங் வைக்க வேண்டும் என்றால், அது கெட்டால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிய பிறகு தொடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் போனால் சாவிச் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

பழைய சாமான் கடையில் அதே மாடல் ரிமோட் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். பல சிப்புகள் முதலில் பதிந்த காரோடு பூட்டப்பட்டுவிடும், வேறு காருக்கு ஏறாது.

கேள்வி: சாவியின் பிளாஸ்டிக் உடைந்ததால் ஆன்லைனில் கூடு வாங்கி நானே மாற்றினேன். கதவு பூட்டுகிறது, திறக்கிறது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறது. (வாசகர், மதுரை)

பதில்: சிப் பழைய கூட்டிலேயே தங்கிவிட்டது. பல சாவிகளில் அது ரிமோட் பலகையில் ஒட்டியிருக்காது. ஓரமாக ஒரு பள்ளத்தில் கறுப்புக் கட்டியாகவோ மெல்லிய கண்ணாடிக் குழாயாகவோ தனியாகக் கிடக்கும். குப்பையில் போடுவதற்குள் பழைய கூட்டை எடுத்துப் பாருங்கள். கத்தியால் நெம்ப வேண்டாம், கண்ணாடி நொறுங்கும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கினால் பசை இளகிக் கழன்று வரும். புதுக் கூட்டில் அதே இடத்தில் வைத்து, ஆடாமல் துளி ரப்பர் பசை வையுங்கள்.

கேள்வி: சாவி இக்னிஷனுக்குள்ளேயே முறிந்துவிட்டது. பாதி உள்ளே, பாதி கையில். பெவி க்விக் போட்டு ஒட்டி இழுத்துவிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தப் பசை தண்ணீரைப் போல ஓடி உள்ளே இருக்கும் தகடுகளைச் சேர்த்துப் பிடித்துவிடும். துண்டு வெளியே வந்தாலும் பூட்டு திரும்பாது, பேரல் எனும் பூட்டு உருளையை முழுதாக மாற்ற வேண்டிவரும்.

எந்த நிலையில் முறிந்தது என்று பாருங்கள். சாவி நுழையும் நிலையில், அதாவது லாக்கில் இருந்தால்தான் துண்டு வெளியே வரும். ஆன் நிலையில் முறிந்திருந்தால் மெல்லிய திருப்புளியால் துவாரத்தை முதலில் லாக்குக்குத் திருப்ப வேண்டும். பிறகு வறண்ட கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதிவிட்டு, மிக மெல்லிய ரம்பத் தகட்டைப் பற்கள் உங்களைப் பார்க்கும்படி சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, லேசாகச் சாய்த்து, கொக்கி போட்டு இழுங்கள். இரண்டு மூன்று முயற்சியில் வரவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். துண்டை இன்னும் உள்ளே தள்ளுவதுதான் பலரும் செய்யும் தவறு. வேறு சாவியை நுழைத்துப் பார்க்கவும் கூடாது.

இரண்டு துண்டையும் பத்திரமாக வையுங்கள். சேர்த்து வைத்துப் பார்த்து வெட்டலாம். ஆனால் பல வருடம் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும், முடிந்தால் சாவி நம்பரைக் கொண்டு வெட்டுங்கள். அதுவரை சமாளிக்க ஒரு வழி உண்டு. சிப் இல்லாத சாதாரணத் தகடு ஒன்றை வெட்டி, உங்கள் கையில் இருக்கும் உடைந்த தலையை இக்னிஷன் வளையத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருப்பினால் பல கார்கள் ஸ்டார்ட் ஆகும். சிப்பும் சுருளும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாவி ஏன் முறிந்தது என்பதையும் யோசியுங்கள். திரும்பாத சாவியைப் பலமாகத் திருகியிருப்பீர்கள். ஸ்டீயரிங் பூட்டு இறுகியிருந்தால் ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடம் வலமாக லேசாக ஆட்டிக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்ப வேண்டும். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும்.

கேள்வி: புஷ் பட்டன் கார். ஸ்மார்ட் சாவி வாஷிங் மெஷினில் துவைந்துவிட்டது. இனி புதுசுதானா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். பொத்தானை அமுக்கிப் பார்க்காமல் உடனே திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடினால் பலகை வேகமாக அரிக்கும். சோப்பு போக டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதிலும் ஒரு முறை கழுவி, நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். பிறகு புது பேட்டரி.

பேட்டரியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதற்குப் பதில் 2025 போட்டால் 2.5 மில்லிமீட்டர்தான், மூடும், ஆனால் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். பேட்டரி மாற்றினால் பதிவு அழியாது. பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

ரிமோட் செத்திருந்தாலும் வண்டியை எடுக்கலாம். சாவிக்குள் ஒரு சின்ன உலோகச் சாவி செருகியிருக்கும், ஓட்டுநர் கதவை அதனால் திறங்கள். பிரேக்கை மிதித்தபடி, ஸ்மார்ட் சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனைத் தொட்டு அமுக்குங்கள். பல மாடல்களில் பட்டனுக்குப் பின்னால் அதே கம்பிச் சுருள் இருக்கிறது. சிலவற்றில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும், மேனுவலில் போட்டிருப்பார்கள்.

கேள்வி: சாவி உள்ளே இருக்க, கார் பூட்டிக்கொண்டது. பின் சீட்டில் குழந்தை. சாவிக்காரர் வரும்வரை காத்திருக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். குழந்தையின் உடல் பெரியவர்களை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். 112-க்கு அழையுங்கள். கம்பெனி ஆப்பில் கதவு திறக்கும் வசதி இருந்தால் முயலுங்கள். முடியாவிட்டால் குழந்தைக்கு மிகத் தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில், கூரான இரும்பால் அடித்து உடையுங்கள். நடுவில் அடித்தால் எளிதில் உடையாது. முன் கண்ணாடி இரண்டு அடுக்கு, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: இன்சூரன்ஸில் சாவிக்குப் பணம் கிடைக்குமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: சாதாரண பாலிசியிலும், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்பிலும் தொலைந்த சாவிக்குப் பணம் வராது. கீ ரீப்ளேஸ்மென்ட் என்று தனியாக ஒரு ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். உச்சவரம்பு எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை முறை, பூட்டு செட்டும் சேருமா என்பதையெல்லாம் பாலிசியில் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: கார் திருடுபோனால் கிளெய்முக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். ஒன்று இல்லையென்றால் காரை நீங்களே கவனக்குறைவாக விட்டீர்களா என்ற கேள்வி எழும். அதனால் சாவி தொலைந்த அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, சி.எஸ்.ஆர். ரசீதையும், சேஸிஸ் நம்பர் போட்ட புதுச் சாவி பில்லையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்குபவர்கள், எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள், பல மாடல்களில் அது தெரியும். கையில் இரண்டு, கணக்கில் மூன்று என்று வந்தால் மூன்றாவதை அழித்த பிறகு வண்டியை வீட்டுக்கு ஓட்டுங்கள்.