சத்தம் அடங்கினால் தேய்மானம் நின்றதா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்குக் கையேட்டில் 5டபிள்யூ-30 ஆயில் என்று போட்டிருக்கிறது. வண்டி 1,20,000 கி.மீ. ஓடிவிட்டது. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம். 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் போய்விடும், தேய்மானமும் குறையும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். சத்தம் குறையும் என்று அவர் சொல்வது உண்மைதான். கெட்டி ஆயில் உலோகங்களுக்கு நடுவே மெத்தை மாதிரி நின்று, தட்டும் ஓசையை அமுக்கும். ஆனால் தேய்ந்து உண்டான இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை பழகி முடித்த புதிதில், கனமான தட்டுச் சத்தத்தோடு வந்த ஒரு காருக்கு நானே கெட்டி ஆயில் ஊற்றி அனுப்பினேன். சத்தம் அடங்கியது. வண்டிக்காரருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். நான்கே மாதத்தில் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் அடியில் மினுமினுவென்று உலோகப் பொடி. கனெக்டிங் ராடு பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. எஞ்சின் சொல்ல வந்ததை நான் வாயடைத்து அனுப்பியிருக்கிறேன். முப்பது வருஷம் ஆகியும் அது உறுத்துகிறது.

அந்த எண்களைக் கொஞ்சம் பாருங்கள். பின்னால் வரும் 30, 50 என்பவை 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எப்படி ஓடும் என்பது. ஆறிய எஞ்சினில் 20டபிள்யூ-50 பொதுவாக இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஏற நேரமாகும். பம்ப்பில் அழுத்தம் எகிறி, அதிக அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலில் ஒரு பகுதி சம்ப்புக்கே திரும்பிவிடும். மீட்டரில் பிரஷர் பிரமாதமாகக் காட்டும், போக வேண்டிய இடத்துக்கு ஆயில் போயிருக்காது. கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற எஞ்சினாக இருந்தால் இது இன்னும் மோசம்.

சரி, உங்கள் சத்தத்துக்கு வருவோம். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் நின்றுவிடுகிறதா? ஹைட்ராலிக் டேப்பட் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) உள்ள எஞ்சின் என்றால், இரவில் ஆயில் கீழே வடிந்திருக்கலாம். ஃபில்டருக்குள் ஆயிலைத் திரும்ப விடாமல் பிடிக்கும் ரப்பர் வால்வு இறுகிப்போனாலும் இப்படி ஆகும். முதலில் நல்ல ஃபில்டர் போடுங்கள். சூடேறிய பிறகு நிற்கிறது என்றால், பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டம். கவனித்து வாருங்கள், பயம் வேண்டாம். சூடான பிறகும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கனமாக 'டொக் டொக்' என்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள், பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

டிப் ஸ்டிக்கைப் பார்த்தீர்களா? ஆயில் குறைந்தாலும் டேப்பட் தட்டும், அதிகமானாலும் தட்டும். அதிகமாக இருந்தால் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதை நுரையாக அடித்துவிடும். நுரையில் இருக்கும் காற்று டேப்பட்டுக்குள் போய்விடும். பலர் இதைப் பார்க்காமலேயே ஆயிலைக் குறை சொல்கிறார்கள்.

கையேட்டின் பட்டியலில் 5டபிள்யூ-40-ம் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். தேய்மானத்தைத் தடுப்பதில் துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால் டப்பாவில் தரக் குறியீட்டையும் பாருங்கள். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் ஆயில் தரம்) தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது.

கேள்வி: காருக்கு வாங்கிய ஆயில் மீதி இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு) என்று இருக்கிற, கையேடு சொல்லும் கிரேடை வாங்குங்கள். மீதி ஆயிலை மூடி இறுக்கி வையுங்கள், அடுத்த முறை காருக்கே ஆகும்.