வறுத்த வாசம், பழைய எண்ணெய் வாடை

வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி 6 மி.லி. அத்தர் குப்பி ஒன்று கொடுத்தான். வாயில் உருளும் குண்டு வைத்த குப்பி. அட்டையில் வறுத்த ஹேசல்நட், பாதாம், வெண்ணிலா, கஸ்தூரி என்று போட்டிருக்கிறது. முதலில் தீபாவளிக்குப் பலகாரம் செய்யும் வீடு மாதிரி மணத்தது. மூன்று மாதம் ஆகிறது. இப்போது காலை எட்டு மணிக்குத் தடவினால் பதினொரு மணிக்குப் பழைய கடலையெண்ணெய் வாடை வருகிறது. எண்ணெயின் நிறமும் கறுத்துவிட்டது. இன்னொரு குழப்பம்: தடவி அரை மணி நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று மறுபடி தடவுகிறேன், பக்கத்து மேசைக்காரர் "யாருங்க ஸ்வீட் பாக்ஸ் பிரிச்சது?" என்கிறார். தினமும் தலையில் மல்லிகையும் உண்டு. குப்பியைத் தூக்கிப் போடவா? கஸ்தூரி என்றால் மானிலிருந்து எடுப்பதுதானா?

மீ., திருநகர், மதுரை

அன்புள்ள மீ.,

நிறம் கறுத்ததற்காகத் தூக்கிப் போடாதீர்கள். வாடை மாறியதற்காகப் போட வேண்டி வரலாம். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

கறுப்பது வெனிலினால். வெண்ணிலா மணத்தைத் தரும் பொருள் அது. காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகும். வெண்ணிலா சேர்த்த சோப்பு நாள்பட்டால் பழுப்பேறுவதும் இதனால்தான். மணத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வெள்ளைத் துணியில் பட்டால் கறை போவது கடினம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாடைக்கு வருவோம். பதினொரு மணி என்று நீங்கள் எழுதியதில்தான் விடை இருக்கிறது. வறுத்த பருப்பின் மணம் பைரசீன் என்ற வகைப் பொருட்களிலிருந்து வருகிறது. பருப்பில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேரும்போது உண்டாவது. வறுக்காவிட்டால் அது இல்லை. நம் செக்கு நல்லெண்ணெயையும் சீனச் சமையலின் எள்ளெண்ணெயையும் முகர்ந்து பாருங்கள்: இரண்டும் எள்தான், அவர்கள் வறுத்து ஆட்டுகிறார்கள், நாம் பச்சையாக ஆட்டுகிறோம். வாசனைத் தொழிலில் இந்தப் பைரசீன்களைத் துளியிலும் துளியாகத்தான் சேர்ப்பார்கள். கொஞ்சம் கூடினாலும் தீய்ந்த வாணலி. இவை சீக்கிரம் பறந்தும் போகும். தோலில் மணிக்கணக்காகத் தங்குவது வெனிலினும், கஸ்தூரி வகைகளும், அவற்றைக் கரைத்து வைத்திருக்கும் அடி எண்ணெயும்.

ஆக எட்டு மணிக்கே அந்தக் கெட்ட வாடை இருக்கிறது, வறுத்த மணம் அதை மூடியிருக்கிறது. மூடி விலகியதும் அடி எண்ணெய் வெளியே வருகிறது.

நல்ல அத்தருக்கு ஒரு காலத்தில் சந்தன எண்ணெய்தான் அடி. இன்றைய விலையில் அதை எதிர்பார்க்க முடியாது. இப்போது டிபிஜி என்ற கரைப்பான், ஹோஹோபா என்ற விதையெண்ணெய், உறையும் பகுதியைப் பிரித்து நீக்கிய தேங்காயெண்ணெய், பாதாம் எண்ணெய் என்று பல உண்டு. முதல் மூன்றும் எளிதில் சிக்குப் பிடிக்காது. பாதாம் எண்ணெய் பிடிக்கும், மதுரை வெயிலில் சீக்கிரமாகவே பிடிக்கும். பருப்பு மணத்துக்குப் பாதாம் எண்ணெய் பொருத்தம் என்று விற்பவர்கள் நினைப்பதுண்டு. அட்டைக்கு அது பொருத்தம், குப்பிக்கு அல்ல.

குண்டு வைத்த வாயும் ஒரு வில்லங்கம். தோலில் உருட்டும்போது வியர்வையும் தோல் எண்ணெயும் அழுக்கும் குண்டோடு ஒட்டிக் குப்பிக்குள் திரும்பிப் போகின்றன. எனவே கெட்டது முழுக் குப்பியா, வாய் மட்டுமா என்று பார்த்துவிடுங்கள். சுத்தமான பஞ்சால் குண்டை நன்றாகத் துடைத்து, அந்தப் பஞ்சை முகருங்கள். பிறகு குண்டை நெம்பி எடுத்துவிட்டு, சுத்தமான ஈர்க்குச்சியால் உள்ளேயிருந்து ஒரு சொட்டு எடுத்து, வழவழப்பில்லாத தடித்த அட்டையில் வையுங்கள். பழைய தபால் அட்டை போதும். அடுப்படியில் வைக்க வேண்டாம். மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகருங்கள்.

அட்டையிலும் பழைய எண்ணெய் வாடை வந்தால் குப்பி போய்விட்டது. அதோடு வேறு எதைக் கலந்தாலும் மீளாது. அட்டை நன்றாக இருந்து பஞ்சு மட்டும் நாறினால், எண்ணெயைக் கண்ணாடிக் குச்சி வைத்த சிறு குப்பிக்கு மாற்றிவிடுங்கள். புதுக் குப்பியை சர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கி, முழுக்கக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். அட்டையும் பஞ்சும் இரண்டுமே நன்றாக இருந்தால் குற்றம் உங்கள் தலை எண்ணெயிலோ, உடம்புக்குத் தடவும் எண்ணெயிலோ இருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவிய கையில் இதைப் போட்டால் பதினொரு மணிக்கு இதே கதைதான்.

இரண்டாவது குழப்பம், உங்களுக்குத் தெரியாமல் மற்றவருக்குத் தெரிவது. கஸ்தூரி வகைப் பொருட்களின் மூலக்கூறுகள் பெரியவை. சிலருக்குச் சில வகைகள் பிறவியிலேயே மூக்குக்கு எட்டுவதில்லை. மற்றவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகி அடங்கிவிடும். மணம் இருக்கிறது, உங்கள் மூக்குதான் ஓய்வெடுக்கிறது. மறுபடி தடவுவதுதான் இந்த வகை வாசனையில் எல்லாரும் செய்யும் தவறு. வெளியே பத்து நிமிடம் நடந்து திரும்பி வந்து பாருங்கள். இல்லையென்றால் வீட்டில் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் போதாது, அவருக்கும் அந்தக் கஸ்தூரி எட்டாமல் இருக்கலாம்.

அளவு: ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. உங்கள் 6 மி.லி. குப்பியில் 120 சொட்டு. சித்திரை, வைகாசியில் அரைச் சொட்டு, ஒரே இடத்தில். மார்கழியில் ஒரு சொட்டை இரண்டு இடத்துக்குப் பிரிக்கலாம். இனிப்பும் வறுவலும் சேர்ந்த மணம் சூட்டில் பெருகும். குளிர்நாட்டுக்காரர் கழுத்திலும் மணிக்கட்டிலும் தாராளமாகத் தடவுவதை நாம் பார்த்துச் செய்தால் மாட்டுத்தாவணி பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முழங்கை மடிப்பின் உள்பக்கம் நல்ல இடம். அதைவிட நல்லது முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பு: சேலை மூடியிருக்கும், மணம் மெதுவாக மேலே ஏறும். குளித்துத் துவட்டியதும், ஈரப்பதம் லேசாக இருக்கும்போது தொட்டு வையுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்த சூட்டில் முதலில் ஓடுவது அந்த வறுத்த மணம்தான். பத்து நிமிடம் கழித்து உடுத்துங்கள்.

பட்டிலும் வெள்ளைப் பருத்தியிலும் நேராக வைக்கவே கூடாது. பட்டுவிட்டால் உடனே பவுடரோ அரிசிமாவோ தூவி எண்ணெயை இழுக்க விடுங்கள். தட்டிவிட்டு, பருத்தி என்றால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசுங்கள். பட்டை வெளுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மல்லிகையோடு சேர்ப்பது பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லி காலையில் மொட்டு, மணம் அடக்கமாக இருக்கும். மாலையில்தான் விரியும். விரிந்த மல்லியில் இண்டோல் என்ற பொருள் உண்டு, அதில் லேசாக ஒரு விலங்குத்தனம் இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் எண்ணெயில் மிஞ்சியிருப்பது வெண்ணிலாவும் கஸ்தூரியும். மூன்றும் சேர்ந்தால் தலைவலி. இந்த எண்ணெய் வைக்கும் நாளில் மல்லியை விடுங்கள், அல்லது எண்ணெயை விடுங்கள். பூ வேண்டும்தான் என்றால் மரிக்கொழுந்து ஒத்துப்போகும். தலைக்குச் சாம்பிராணிப் புகை போடும் வழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. சாம்பிராணியிலேயே வெனிலின் உண்டு, அதனால் இரண்டும் சண்டை போடாது. இனிப்பு அதிகம் என்று பட்டால் வெட்டிவேர் அத்தரை முதலில் ஒரு தொடு தொட்டு, அதன்மேல் இதை வையுங்கள். ஜிகர்தண்டாவில் ஊற்றும் நன்னாரியின் மணப்பொருளும் வெனிலினுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான்: அதே அணுக்கள், அமைப்பு மட்டும் வேறு. நன்னாரி அத்தர் கிடைத்தால் இதனோடு வைத்துப் பாருங்கள்.

கஸ்தூரி மானைப் பற்றிக் கேட்டீர்கள். இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அந்த மான் பாதுகாக்கப்பட்டது. அதன் மணப்பொருளின் அமைப்பை 1926-இலேயே ருசிக்கா என்ற வேதியியலாளர் கண்டறிந்துவிட்டார். இன்று குப்பியில் இருப்பது ஆய்வுக்கூடச் சரக்கு. செடியிலிருந்து வேண்டுமென்றால் கஸ்தூரி வெண்டை விதை உண்டு, விலை அதிகம். கஸ்தூரி மஞ்சளுக்கும் இதற்கும் பெயர் ஒன்றே தவிர உறவு கிடையாது.

தின்பண்ட மணமும் விலங்கு மணமும் எப்படி ஒரே குப்பியில் சேர்ந்தன என்று தோன்றலாம். பாஸ்மதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தருவது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே பொருள். புலி எல்லை குறிக்கத் தெளிக்கும் நீரிலும் அதே பொருள் இருக்கிறது. காட்டில் சோறு வெந்த வாசம் வந்தால் அடுப்பைத் தேட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் யாருக்காவது பருப்பு ஒவ்வாமை இருந்தால், ஹேசல்நட் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அந்த மணத்தில் பெரும்பாலும் பருப்பே இருக்காது. பயப்பட வேண்டியது அடி எண்ணெய்க்கு. அட்டையில் பாதாம் எண்ணெயோ கடலை எண்ணெயோ இருந்தால் அவர்கள் தொடக்கூடாது. மற்றவர்கள் புதுக் குப்பியை முழங்கை உள்மடிப்பில் ஒரு புள்ளி வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். சிவந்தாலோ அரித்தாலோ வேண்டாம். குப்பியை ஜன்னலோரத்திலும் வண்டி டிக்கியிலும் வைக்காதீர்கள், அலமாரியின் கீழ்த்தட்டில் துணிக்குப் பின்னால் இருக்கட்டும்.