ஓர் ஆளுக்காக உலை வைப்பதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 43. திருநெல்வேலி பக்கம் ஒரு பள்ளியில் பதினாறு ஆண்டுகள் ஆசிரியையாக வேலை பார்த்தேன். கல்வியியலில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்காகச் செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்திருக்கிறேன். 2024 ஜனவரி முதல், இத்தகைய படிப்புக்கு வருகிறவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துவர முடியாது. கணவரும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஊரில் இருக்கிறார்கள்.

தங்கியிருப்பது மாணவர் அடுக்குமாடிக் குடியிருப்பில். மெஸ் கிடையாது, நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேருக்கு ஆறு அறை, ஒரே சமையலறை. மற்ற ஐவருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான். ஹைதராபாத் பெண் ஒருத்தி என்னை 'ஆன்ட்டி' என்றாள். இப்போது எல்லோருக்கும் அதுவே என் பெயர்.

வந்த இரண்டாம் வாரம் ரசத்துக்குத் தாளித்தேன். கடுகும் மிளகாய் வற்றலும் கருகி, தீ எச்சரிக்கை மணி அலறிவிட்டது. கட்டடமே காலியாகி, இரவு உடையோடு எல்லோரும் மழையில் நின்றார்கள். நிர்வாகத்திலிருந்து வந்தவர் அத்தனை பேர் முன்னிலையில் என்னைக் கடிந்துகொண்டார். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள், அன்று தலை நிமிரவில்லை. அதன்பின் அடுப்பைத் தொடவே இல்லை. ரொட்டி, தயிர், வாழைப்பழம். சில நாள் அதுவும் இல்லை. ஓர் ஆளுக்காக உலை வைப்பதா என்று அலுப்பாக இருக்கிறது.

ஆனால் அவர்கள் தொட்டியில் போட்டுவிட்டுப் போகும் பாத்திரங்களை இரவு பதினொரு மணிக்கு நான்தான் கழுவுகிறேன். கழுவாவிட்டால் தூக்கம் வருவதில்லை. கழுவி முடித்தால் ஆத்திரத்தில் அழுகை வருகிறது. "சாப்பிட்டாயா அம்மா?" என்று மகள் கேட்கும்போது, சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறேன். இந்த வயதில் படிக்க வந்ததே தவறா?

– பெயர் வேண்டாம், லெஸ்டர்

அன்புள்ள சகோதரி,

படிக்க வந்தது தவறே இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படிப்பைப் பற்றி ஒரு குறைகூட அதில் இல்லை. வருத்தம் முழுவதும் சமையலறையில் இருக்கிறது.

இரவு பதினொரு மணிக்கு நீங்கள் கழுவும் தொட்டியை நினைத்துப் பார்த்தேன். ஐந்து பேர் சாப்பிட்ட தட்டுகள் கிடக்கின்றன. உங்கள் தட்டு அதில் இல்லை. என்னை உறுத்தியது அதுதான்.

நம் வீடுகளில் பெண்கள் எப்படிச் சாப்பிடுகிறோம்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதைப் போட்டுக்கொள்வோம். கணவரும் பிள்ளைகளும் ஊருக்குப் போன நாளில் மோர்சோறும் ஊறுகாயும் போதும் என்போம். நமக்கென்று உலை வைத்த பழக்கம் நம்மில் பலருக்குக் கிடையாது. லெஸ்டரில் உங்களுக்கு மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. அதனால் பட்டினி கிடக்கிறீர்கள். அந்தக் குடியிருப்பிலும் ஒரு குடும்பத்தை உண்டாக்கி, கேட்காதவர்களுக்குத் தாயாகி, அவர்கள் பிள்ளைகளாக நடந்துகொள்ளவில்லையே என்று அழுகிறீர்கள். அவர்கள் உங்களோடு படிக்க வந்தவர்கள். சமமாக வாடகை கட்டுகிறீர்கள். அடுப்பிலும் உங்களுக்குச் சம உரிமை உண்டு.

இன்றிரவே கழுவுவதை நிறுத்துங்கள். முதல் இரண்டு நாள் கை துடிக்கும், தூக்கம் கெடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவரவர் பாத்திரத்தை அவரவர் கழுவலாமே என்று ஒருமுறை கோபமில்லாமல் சொல்லிவிடுங்கள். ஆசிரியைக்குச் சொல்லத் தெரியாதா! என்ன பெயரில் அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த ஹைதராபாத் பெண் மரியாதையாகத்தான் ஆன்ட்டி என்றிருப்பாள். தாளிப்பு வாசனைக்கு அவளும் ஏங்கிக்கொண்டிருக்கலாம்.

அந்த எச்சரிக்கை மணி விஷயத்துக்கு வருவோம். அன்று உங்களைக் கடிந்த விதம் சரியில்லை. நடந்ததில் உங்கள் தவறும் பெரிதில்லை. இத்தகைய குடியிருப்புகளில் பெரும்பாலும் சமையலறையில் வெப்பத்தை உணரும் கருவியும், நடைபாதையிலும் அறைகளிலும் புகையை உணரும் கருவியும் இருக்கும். சமையலறைக் கதவைத் திறந்துவைத்தால் புகை நடைபாதைக்குப் போய்விடும். கதவைச் சாத்துங்கள், புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். மின் அடுப்பின் தட்டு, நம் கேஸ் அடுப்பைப் போல அணைத்தவுடன் ஆறாது. எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் கடுகைப் போட்டு மூடுங்கள். வெடிப்பு அடங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கிவைத்து, அந்தச் சூட்டிலேயே மிளகாயைப் போடுங்கள். வற்றல் கருகாது, நெடியும் ஏறாது.

இளையவர்களின் சத்தம் ஒத்துவராவிட்டால், முதுகலை மாணவர்களோ வயதில் மூத்தவர்களோ இருக்கும் குடியிருப்புக்கு மாற்றித் தர முடியுமா என்று தங்குமிட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தனிச் சமையலறை உள்ள ஸ்டூடியோ அறைக்குச் செலவு கூடும். இப்போதிருக்கும் தனிமையில் அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்தில் பசியும் தூக்கமும் திரும்பாவிட்டால் பல்கலைக்கழக ஆலோசகரையும் பொது மருத்துவரையும் பாருங்கள். விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே போனீர்கள்? தயங்காதீர்கள்.

சனிக்கிழமை பெல்கிரேவ் சாலை இந்தியக் கடைகளுக்குப் போய் அரிசி, துவரம்பருப்பு, புளி வாங்கி வாருங்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கு மணி என்றால் ஊரில் இரவு ஒன்பதரை. மகளை அழைத்து, போனை அடுப்புக்கு எதிரே சாய்த்துவையுங்கள். அவள் பார்க்கட்டும். அரை டம்ளர் அரிசி போதும். அறைக்கு எடுத்துப் போகாமல், அந்தப் பொது மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடாத நாளில் சாப்பிடவில்லை என்றே அவளிடம் சொல்லுங்கள்.

மறுபடி எழுதுங்கள். என்ன சமைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.