ஐந்தரை மணிக்குச் சோறு

அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. ஜூலையில் குடும்பத்தோடு ஸ்டாக்ஹோம் வருகிறீர்கள், மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்குப் பதினொன்று என்று எழுதியிருந்தீர்கள். வாடகை, வங்கிக் கணக்கு, குளிர் அங்கி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் கேட்கச் சொன்னதாகக் கடைசியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: "காக்கா, அங்கே தாய் தகப்பனும் வயசுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவார்களா, இல்லை ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு தட்டா?"

முதலில் கேட்டதெல்லாம் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். வரி அலுவலகத்தில் பெயரைப் பதிந்து ஆள் எண் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் கேட்கச் சொன்னதுதான் கேள்வி. அதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்வீடன்காரர்கள் பிள்ளைகளோடு சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் ஐந்து, ஐந்தரை, மிஞ்சினால் ஆறு. தகப்பன் வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றியதும் உருளைக்கிழங்கு வெந்திருக்கும். பதினாறு வயதுப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வந்து உட்காருவான். எல்லோருக்கும் ஒரே சட்டிதான். பையனுக்குக் கால்பந்துப் பயிற்சி இருக்கிற நாளில் அவன் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு ஓடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளைக்காரன் பிள்ளைகளைத் தண்ணி தெளித்து விட்டுவிடுவான் என்று ஊரில் பேசுகிறார்களே, இருபதை ஒட்டிப் பிள்ளைகள் தனி வீடு பார்த்துப் போவது உண்மை. அதுவரை சாயங்காலச் சாப்பாட்டில் கறாராக இருக்கிறார்கள்.

ஆளுக்கொரு தட்டு என்பது நம் ஆட்கள் வீட்டில்தான் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

இங்கே பள்ளியில் மதியச் சாப்பாடு இலவசம். ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை சட்டப்படியே இலவசம், சத்தான உணவாக இருக்க வேண்டும் என்றும் 2011 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மதியம் நம் மதியம் இல்லை. பல பள்ளிகளில் பதினொரு மணி வாக்கிலேயே போட்டுவிடுவார்கள், சில வகுப்புகளுக்கு அதற்கும் முன்னால். பையன் மூன்றரைக்கு வீட்டுக்கு வரும்போது கொலைப் பசி. வீட்டில் யாரும் இல்லை. ரொட்டி நாலு துண்டு, மேலே சீஸ், அப்புறம் ஒரு கிண்ணம் புளித்த பாலில் கார்ன்ஃபிளேக்ஸ். நீங்கள் ஊர் வழக்கப்படி இஷா தொழுதுவிட்டு எட்டரை ஒன்பதுக்குச் சோறு போடச் சொல்வீர்கள். அவன் "வேண்டாம்" என்பான். பிள்ளைக்கு நம் மீனாணம், அதாவது மீன்குழம்பு, பிடிக்காமல் போய்விட்டது என்று உம்மாக்காரி நினைத்துக்கொள்வாள். மறுநாள் அவனுக்கென்று தனியாகப் பாஸ்தா வேகும். அடுப்பில் இரண்டாவது சட்டி ஏறிவிட்டதா, அதோடு சரி. பாஸ்தாவுக்கு மேசை எதற்கு? தட்டோடு அறைக்குள் போய்விடுவான். கொஞ்ச நாளில் தகப்பன் தொலைக்காட்சி முன்னால், பிள்ளைகள் கணினி முன்னால், அவள் அடுப்படியில் நின்றபடியே மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிடுவாள். அப்புறம் "பிள்ளை ஸ்வீடன்காரனாகவே மாறிட்டான் பாய்" என்று என்னிடம் வந்து புலம்புவார்கள். ஸ்வீடன்காரனாக மாறியிருந்தால் ஐந்தரைக்கு மேசைக்கு வந்திருப்பானே!

ஆகவே இரண்டாவது சட்டியை ஏற்றாதீர்கள். சோற்றை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். ஐந்தரைக்கு மீனாணமும் சோறும் வைத்தால் எந்தப் பதினான்கு வயதுப் பையனும் மூன்று தட்டுச் சாப்பிடுவான். இதில் ஜூலை உங்களை நன்றாக ஏமாற்றும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இன்னும் மஃரிபே ஆகவில்லையே, அதற்குள் என்ன ராச்சோறு என்று தோன்றும். வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறப்பதற்குள் வீடே பழகிவிடும்.

நான் வந்தபோது இதைச் சொல்ல ஆளில்லை. துபாயில் இருந்துவிட்டு நவம்பரில் வந்து இறங்கினேன். ஒரு வயதான அம்மா வீட்டின் கீழ்த்தளத்தில் அறை. ஏழு மணிக்கு மேல் அடுப்பைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. எனக்கு வேலை முடிந்து வரவே ஏழாகிவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க ரொட்டியும் குழாயில் வரும் மீன்முட்டைப் பசையும்தான் இரவுச் சாப்பாடு. பற்பசை மாதிரி பிதுக்க வேண்டும். காட் மீனின் முட்டையை உப்பும் சீனியும் போட்டு அரைத்தது. முதல் தடவை வாயில் வைத்துவிட்டு வாப்பாவை நினைத்துக்கொண்டேன். கீழக்கரைக் கரையில் வல்லம் வந்து சேரும்போதே விளைமீனையும் பாறை மீனையும் கண்ணைப் பார்த்து வாங்குகிற மனுஷன் அவர். இன்றைக்கு என் மகன் அந்தப் பசையை இடியாப்பத்தின் மேல் பிதுக்கிச் சாப்பிடுகிறான். நான் மட்டும் என்ன, முறுமுறு ரொட்டியின் மேல் மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்துத்தான் காலைப் பசியாறுகிறேன். உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

அந்த அம்மா தனி ஆள். ஆனாலும் ஐந்து மணிக்கு மேசையில் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, தட்டும் முள்கரண்டியும் எடுத்து வைத்துத்தான் சாப்பிடுவார். அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

உடனே நம் ஊர்ப் பெருமை பேச வேண்டாம். கீழக்கரையில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆண்களுக்கு முதலில், பெண்களுக்கும் கல்யாணமாகாத குமர்களுக்கும் அப்புறம் உள்கட்டில். என் வாப்பாவின் தலைமுறை கொழும்பில், எங்கள் தலைமுறை துபாயில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து, விருந்தாளி மாதிரி நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள்தான் பாதித் தகப்பன்மார். கல்யாண வீட்டில் ஒரே சகன் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் கை வைத்துச் சாப்பிடுவோம், அதுவும் ஆண்கள் தனி, பெண்கள் தனி. தகப்பனும் மகளும் ஒரே நேரத்தில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தது எங்கள் குடும்பத்தில் இந்தக் குளிர் நாட்டில்தான் முதல்முறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெய்ச்சோற்றைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி நடுவில் வைப்பாள் என் மனைவி. பிள்ளைகள் வளர வளர வெள்ளிக்கிழமை டாக்கோ, அதாவது கறி வைத்து மடித்த மெக்சிகோ ரொட்டி, வேண்டும் என்று ஒரே சண்டை. இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வீடு டாக்கோதான், மெக்சிகோக்காரன்கூட அப்படித் தின்பானா தெரியாது. கடைசியில் ஒரு வாரம் நெய்ச்சோறு, ஒரு வாரம் டாக்கோ என்று முடிந்தது. டாக்கோவுக்குக் கொத்துக்கறியை முண்டு மிளகாய் அரைத்துப் போட்டு வதக்குவாள். எது யார் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, உங்கள் மகன் கூட்டாளி வீட்டுக்குப் போவான். சாப்பாட்டு நேரம் வந்ததும் அந்த வீட்டார் கீழே போய்ச் சாப்பிடுவார்கள், இவன் அறையிலேயே உட்கார்ந்திருப்பான். 2022 மே மாதம் இந்த வழக்கம் இணையத்தில் வெடித்து உலகமே சிரித்தது. இப்போது மிகவும் குறைந்துவிட்டது, பெரும்பாலோர் கேட்டுப் போடுகிறார்கள். ஆனாலும் நடந்தால் மனசு சுளிக்காதீர்கள். அடுத்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று ஆக்கி வைத்திருப்பார்கள், அதைக் கெடுக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. சீதக்காதி பிறந்த மண்ணிலிருந்து வருகிறவர்களுக்கு இது செரிக்காதுதான். என் மகனின் கூட்டாளி ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை எங்களோடு தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தான். கையால் அள்ளத் தெரியாமல் ஐந்து விரலையும் சோற்றில் புதைத்துக்கொண்டு முழித்தான். என் மகள் பெருவிரலால் தள்ளிக் காட்டினாள். பிடித்துக்கொண்டான். இரண்டாம் தடவை கறி போடும்போது அவன் தாய் போன் செய்கிறார், வீட்டில் அவனுக்குச் சாப்பாடு ஆறுகிறதாம், குரலில் கொஞ்சம் கடுப்பு. முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்வேன். என் மனைவி மட்டும் இன்றுவரை அனுப்பியதில்லை. வந்த பிள்ளையைப் பசியோடு உட்கார வைக்க அவளால் ஆகாது.

கருவாடு. இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் திட்டுவீர்கள். குளிர்காலத்தில் சன்னல் திறக்க முடியாது, வாசனை துணியில் ஏறினால் இறங்காது. நாங்கள் திருக்கைக் கருவாடு பொரித்த ஒரு ராத்திரி என் மகன் தன் பள்ளி ஜாக்கெட்டை வெளியே பால்கனியில் மாட்டினான். மைனஸ் பத்து டிகிரி. காலையில் அது பலகை மாதிரி விறைத்து நின்றது, அதையே மாட்டிக்கொண்டு போனான், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகக் கருவாட்டை நிறுத்தவில்லை. அங்கிகளையெல்லாம் அலமாரிக்குள் பூட்டி, படுக்கையறைக் கதவுகளை அடைத்து, சனிக்கிழமை காலையில் மட்டும் பொரிப்பது என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து மீன் ஆக்குவதையே விட்டுவிட்ட நம்மாட்கள் உண்டு. பன்னிரண்டு மாதமும் கோழிதான். கடற்கரையில் பிறந்துவிட்டு இது என்ன பிழைப்போ! எண்பதுகளில் அகதியாக வந்த இலங்கைத் தமிழர்களைப் பாருங்கள், சொதியையும் சம்பலையும் விடவில்லை, பிள்ளைகளும் சாப்பிடுகின்றன. எனக்குச் சோறு போட்டுப் பழக்கியதும் அவர்கள்தான். நம்மாட்கள் இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் போதும், புதிதாக வருகிறவனிடம் துரைத்தனம் காட்டுவார்கள்.

மீனில் ஒரு எச்சரிக்கை. கடையில் ஸ்ட்ரெம்மிங் என்று ஒரு சின்ன மீன் மலிவாகக் கிடைக்கும். பார்த்தால் நம் சாளைக்குத் தம்பி. வாரம் தவறாமல் வாங்கி ஆணம் வைக்கத் தோன்றும். வேண்டாம். பால்டிக் கடலில் டயாக்சின் என்ற நச்சு கலந்திருப்பதால், பிள்ளைகளும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் அதைச் சாப்பிட வேண்டாம் என்று இங்குள்ள உணவுத் துறையே சொல்கிறது. பண்ணையில் வளர்த்த நார்வே சால்மன் பரவாயில்லை. புளியைத் தூக்கலாக விட்டால் அதன் கொழுப்பு தெரியாது. ஆசியக் கடையில் உறைந்த பாறை மீன் கிடைக்கும்.

பள்ளிச் சாப்பாட்டில் பன்றி இருக்கும் நாள் உண்டு. வியாழக்கிழமை பட்டாணி சூப் வழக்கம், அதில் போடுவார்கள், கூடவே ஜாம் வைத்த பான்கேக். முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மாற்று உணவு கிடைக்கும். ஆடு மாடுகளை மயக்காமல் அறுப்பது இங்கே 1930களிலிருந்தே தடை. ஆகவே ஹலால் கடை இறைச்சி வெளிநாட்டிலிருந்து வந்ததா, இங்கே மயக்கி அறுத்ததா என்று கேட்டு, உங்கள் மனசுக்குப் பட்டபடி வாங்குங்கள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்குவது இங்கே வழக்கம், அதில்தான் பெரிய வம்பு. பிள்ளைகள் பையோடு போய் அள்ளுவார்கள், பலவற்றில் பன்றி ஜெலட்டின். என் மனைவி கடல்பாசி காய்ச்சி, சிவப்பும் பச்சையுமாகத் துண்டு போட்டு வைப்பாள். நம் கடலோரத்துப் பெண்கள் முங்கி எடுக்கிற பாசிக்கு இங்கே இப்படி ஒரு மவுசு.

சாப்பிடச் சொல்லி முதுகில் ஒன்று போடுவதெல்லாம் இங்கே 1979-லேயே சட்டப்படி முடிந்த கதை. மேசையில் கத்தவும் கத்தாதீர்கள், பையன் எழுந்து போய்விடுவான், அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

நோன்பு வேறு மாதிரி. 2015-இல் ஜூன் நடுவில் தொடங்கியது. பாங்கு சொல்ல இரவு பத்து தாண்டும். நடுவில் கொஞ்ச நேரம்தான், அதற்குள் கஞ்சி, வாடா பலகாரம், தராவீஹ் தொழுகை, சஹர் சாப்பாடு. என் மகனுக்கு அப்போது பதினாறு. காலை முழுக்கத் தூங்குவான், இரவு பத்து மணிக்குச் சரியாக நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தோடு சன்னலோரம் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்ப்பான். யாரும் அவனைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. 2000-இல் டிசம்பர் நோன்பு, மூன்று மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிட்டது. அப்போது நான் இங்கே தனியாக இருந்தேன், அலுவலகக் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பேரீச்சம்பழத்தோடு திறந்திருக்கிறேன்.

குளிர் அங்கி ஊரில் வாங்காதீர்கள், காசு தண்டம். நெய்யும் பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். கறிவேப்பிலையும் ஆகாது. ஆனால் மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விலக்கு உண்டு, ஆகவே மாசியும் கருவாடும் தாராளமாகக் கொண்டு வாருங்கள், இரண்டு உறை போட்டுக் கட்டி. முண்டு மிளகாய்க்கு இடம் மிஞ்சினால் எனக்கும் ஒரு பொட்டலம் போட்டுக்கொள்ளுங்கள், காசு தந்துவிடுகிறேன்.